கோஷா வண்டியின் பின் சீட்டு

இது கதை இல்லை. என் கை பட்ட விஷயம். நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் நம்பாமலே கடைசிவரை படித்தவர்கள் அடுத்த தடவை காரில் பின்னால் ஏறும்போது, கதவின் உள்பிடியை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்கள். அது மட்டும் நிச்சயம்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, அமாவாசை, நாய் ஊளை... அதெல்லாம் இதில் கிடையாது. நடந்தது பட்டப்பகல். 1946, மே மாதம், அக்னி நட்சத்திரம். புதன்கிழமை மதியம் ஒன்று பத்து. கையில் கடிகாரம் கட்டியிருந்தேன்.

என் பெயர் அதாவுல்லா, சிநேகிதர்களுக்கு அதா. திருத்தணி பஜாரில் கார் சீட்டு வேலை. யுத்த காலத்தில் ஆவடி மிலிட்டரி டிப்போவில் ஆபீசர் கார்களுக்குச் சீட்டுத் தோல் தைத்தும் துடைத்தும் பழகியவன். தோலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அரக்கோணத்திலிருந்து நகரி வரைக்கும் எவனுக்கும் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தாடி வைத்த நாளிலிருந்து பஜாரில் என்னைப் 'பாவா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆளை மரியாதையாகக் கூப்பிடும் பேர் அது. முப்பத்துநாலு வயசுக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பழகிவிட்டது. எங்கே, யார் 'பாவா' என்றாலும் 'ஆங்' என்று திரும்பிவிடுவேன். இந்தப் பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எலியேசர் என் சிநேகிதன். கார் டிரைவர். வேர்க்கடலை மண்டி தேசப்பனிடம் வேலை பார்த்தான். 1942 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை பட்டாளத்தில் சேர்வதற்குக் கிளம்பிப் போனான். அதே வாரம் தேசப்பன் வீட்டில் ஒரு பெண் காணாமல் போனாள். பெயர் தேவகி. தேசப்பன் மனைவி ஜெயம்மாவின் தங்கை. அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக நகரியிலிருந்து வந்திருந்தவள். பதினெட்டு வயசு. வீட்டுப் பேச்சு தெலுங்கு. டிரைவர் இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று தேசப்பன் சொன்னார். ஊர் நம்பியது. சொல்கிறவன் மண்டி முதலாளியாக இருந்தால் ஊர் சீக்கிரம் நம்பும்.

நாலு வருஷம் கழித்து எலியேசர் பர்மாவிலிருந்து திரும்பி வந்தான். தனியாக. "பொண்ணை எங்கடா விட்ட?" என்று டீக்கடையில் கேட்டார்கள். சர்ச்சில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றது. பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், கடைசியில் கோலார் தங்கவயலுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தான். வெள்ளிக்கிழமை காலை ரயில்.

"நீ போனா, நீதான் செஞ்சேன்னு ஆயிடும்டா" என்றேன்.

"இருந்தா மட்டும் என்னா ஆவுது?" என்றான்.

எனக்கு வயிறெரிந்தது. அந்த வாரம்தான் தேசப்பன் எனக்கு ஆள் அனுப்பினார், அதே காரின் பின் சீட்டைச் சுத்தம் பண்ண.

அது ஏதோ ஒரு ஜமீன் வீட்டிலிருந்து வாங்கிய பழைய வண்டி. ஜமீன் பெண்கள் கோஷா, அந்நிய ஆண் கண்ணில் படமாட்டார்கள். அதனால் டிரைவருக்கும் பின் சீட்டுக்கும் நடுவே தடித்த கண்ணாடித் தடுப்பு இருக்கும். பின் ஜன்னல்கள் சின்னவை, திரை வேறு. எலியேசர் போன பிறகு, பெட்ரோல் ரேஷன் என்று சொல்லி, தேசப்பன் அதைக் கொட்டகையில் ஏற்றி, டயரைக் கழற்றி, செங்கல்மேல் உட்கார வைத்துவிட்டார். இப்போது மெட்ராஸ் ஆள் ஒருவன் வெள்ளிக்கிழமை வாங்க வருகிறான். அதற்குள் தோல் புதுசு மாதிரி ஆகவேண்டும். எலியேசர் ஓட்டிய வண்டியாயிற்றே, அவன் பேரைக் காப்பாற்ற ஒரு கடுதாசித் துண்டாவது அதில் கிடைக்காதா என்ற நப்பாசையில் நான் ஒப்புக்கொண்டேன்.

எலியேசரிடம் சொன்னபோது அவன் முகம் மாறவே இல்லை. "கதவெல்லாம் எப்டி கீதுன்னு பாரு. கெளம்புறதுக்கு மொத நாளுதான் கிரீஸ் வச்சேன். வெண்ணெ மாரி தொறக்கும்" என்று மட்டும் சொன்னான். ஊரே காறித் துப்பியும் அவனுக்கு வண்டிமேல் கரிசனம் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். கொட்டகை மலை அடிவாரத்தில், வீட்டுக்குப் பின்பக்கம் இருந்தது. சீட்டு முழுக்கப் பச்சையாகப் பூஞ்சணம். தோல் காய்ந்து, வெடித்து, கருவாடு மாதிரி கிடந்தது. இந்த மாதிரித் தோலில் தண்ணீரை ஊற்றினால் அதோடு தொலைந்தது. முதலில் உலர்ந்த துணியால் பூஞ்சணத்தை எடுக்கவேண்டும். அப்புறம் குதிரைச் சேணத்துக்குப் போடும் சோப்பை நுரைக்க வைத்து, பஞ்சை ஒட்டப் பிழிந்து, நுரையை மட்டும் தேய்த்து உடனே துடைக்கவேண்டும்.

பின் கதவுகள் இரண்டிலும் கண்ணாடி இறக்கும் பிடி இல்லை. எங்கே என்று தேசப்பனைக் கேட்டேன். குழந்தை கை வைக்கும், அதனால் கழற்றினேன் என்றார்.

அந்த வீட்டில் குழந்தையே கிடையாது. ஜெயம்மாவுக்குப் பிறந்தது ஒரு மாதம்கூடத் தங்கவில்லை.

பதினோரு மணிக்கு ஜெயம்மா மோர் கொண்டுவந்தாள். "குடிங்க சாயபு" என்று திண்டின்மேல் வைத்தாள். வண்டிப் பக்கம் திரும்பவில்லை. தங்கையை இழுத்துக்கொண்டு ஓடியவன் ஓட்டிய வண்டி என்று நினைத்திருப்பாள். தங்கை பேரை அந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று தேசப்பன் உத்தரவு.

சாயங்காலம் ஐந்தரைக்குச் சீட்டு முழுதும் உலர்ந்துவிட்டது. இடது ஓரம் மட்டும் ஈரம். நான் அங்கே அதிக நுரை போடவில்லை. காலையில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணி. அந்த ஓரம் இன்னும் ஈரம். அக்னி நட்சத்திர வெயிலில், தகரக் கொட்டகைக்குள், ஒரு ராத்திரி முழுக்கக் காயாத ஈரம்! உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு. வெயில் சூடு இல்லை. இப்போதுதான் யாரோ எழுந்து போன இடத்துச் சூடு. பஸ்ஸில், பெஞ்சில் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள், உங்களுக்குத் தெரியும்.

துணியால் ஒற்றி எடுத்தேன். இருக்கட்டும், எனக்கென்ன.

புதன் வேலை எண்ணெய். மாட்டுக் காலெலும்பைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை இளஞ்சூடாக்கி, விரலால் தேய்த்து ஊற விடவேண்டும். உச்சி வெயில் நேரத்தில்தான் அது தோலுக்குள் நன்றாக இறங்கும். தூசி விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால் கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். வண்டியின் வலது பின் கதவை மூடிவைத்து, இடது கதவின் உள்பக்கத் தோலுக்கு முதலில் எண்ணெய் தடவிவிட்டு, அந்த வழியாக ஏறி உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணி. மலைமேல் உச்சிகால மணி அடித்தது.

பன்னிரண்டு நாற்பது. வலது பாதி முடிந்தது. தோல் எண்ணெய் குடிக்கும் அழகே தனி. மெல்ல உப்பி, மிருதுவாகி, நிறம் திரும்பும். அப்போது பக்கத்தில் ஒரு சத்தம்... ங்ஙீச்...

சீட்டு ஸ்பிரிங். யாராவது எழுந்தால் வரும் சத்தம். நான் எழவில்லை. தரையில் முழங்காலிட்டிருந்தேன்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஜன்னல் கண்ணாடி மங்கியது. புகையா என்று பார்த்தேன். இல்லை... மூச்சுக் காற்று பட்டால் படியுமே, அந்த ஆவி. உள்பக்கமாகப் படிந்திருந்தது. என் முகம் அதற்கு இரண்டு முழம் தள்ளி இருந்தது.

பயந்தேனா? பயந்தேன். ஆனால் எழுந்து போகவில்லை. இரண்டும் வேறு வேறு.

ஒன்று ஐந்து. இடது ஓரத்தில் எண்ணெய் வைக்கக் கையை நீட்டினேன். கதவு தானாக வந்து சாத்திக்கொண்டது. மெதுவாக... க்ளிக்.

வண்டி செங்கல்மேல் சாய்ந்து நிற்கிறது, அதனால் சாத்தியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்பிடியைத் திருப்பினேன். திரும்பியது. கதவு திறக்கவில்லை. வலது கதவுக்குப் போனேன். அதுவும் திறக்கவில்லை. தோளால் இடித்தேன். வெண்ணெய் மாதிரி திறக்கும் என்றானே!

முன்னால் கண்ணாடித் தடுப்பு. ஜன்னலுக்குப் பிடி இல்லை. கொதிக்கிற சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஒன்று பத்து.

"பாவா..."

பெண் குரல். வீட்டு ஆள் யாரோ வந்துவிட்டார்கள் என்று உயிர் வந்தது. "ஆங்" என்றேன்.

"பாவா... பாவா..."

"ஆங், இங்கதான் கீறேன். தொறங்க" என்று கத்தினேன்.

"பாவா... தலுப்பு தீ..."

கதவைத் திற. தெலுங்கு. எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும். ஆனால் உள்ளே இருப்பவன் நான். நானல்லவா கேட்கவேண்டும்?

டக்... டக்... டக்...

கண்ணாடியில் தட்டும் சத்தம்.

வெளியே யாரும் இல்லை.

என் காதுக்குப் பக்கத்தில்.

உள்ளே.

"பாவா... தலுப்பு..."

மூச்சு முட்டியது. கண் இருட்டியது.

எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், கோபம்தான். நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்? "நீ யாரா இருந்தாலும் சரி, நான் இங்க சாவ மாட்டேன்" என்று கத்தினேன். எண்ணெய் டின்னைத் தூக்கிக் கண்ணாடியை உடைக்க ஓங்கினேன்...

க்ளிக்.

இடது கதவு திறந்தது. அகலமாக.

கீழே விழுந்து, தவழ்ந்து, எழுந்து நின்றேன். ஒருவரும் இல்லை. கொட்டகைத் தாழ்ப்பாள் நான் போட்டபடியே இருந்தது. மணி ஒன்று பதினாறு. தோளால் இடித்ததில் பூட்டு இளகி, நேரம் கழித்துத் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பது?

வேறு எவனாக இருந்தாலும் ஓடியிருப்பான். நான் ஓடவில்லை. ஒரு செங்கல்லை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே தலையை நீட்டிப் பார்த்தேன்.

எண்ணெய் இறங்கியிருந்தது. தோல் உப்பி, காய்ந்த வெடிப்பெல்லாம் மூடிவிட்டது. மூடாதவை மட்டும் மிச்சம் தெரிந்தன. கதவின் உள்பக்கத் தோலில், பிடிக்குக் கீழே, கோடுகள். நேற்று வெடிப்போடு வெடிப்பாகக் கலந்து கிடந்தவை. வெடிப்பு எண்ணெயில் மூடும். கீறியது மூடாது.

நகத்தால் கீறியது. மேலிருந்து கீழே. வலது கைக்கு நாலு கோடு. இடது கைக்கு மூன்று. எண்ணி எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை இழுத்த இடத்திலும் நாலு, மூன்று. நாலு, மூன்று.

ஐந்து மணிக்குத் தேசப்பன் வந்தார். பார்த்தார். என்ன இது என்று கேட்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. இதில் மெழுகை வைத்து அடைத்து, கறுப்புச் சாயம் ஏற்றிவிடு என்றார். முடியாத வேலை இல்லை. தேன்மெழுகில் கரியைக் குழைத்து அப்பித் தேய்த்தால் எவனும் கண்டுபிடிக்க மாட்டான்.

முடியாது என்றேன்.

"கத்தியால கீறிட்ட சாயபு. நீ கீறினதுன்னு பஜார்ல சொல்லுவேன். அப்புறம் எவன் உன்கிட்ட வண்டி குடுப்பான்?"

"சொல்லிக்கோங்க. நாளைக்கு இன்னொரு கை எண்ணெ போடுவேன். கோடு இன்னும் நல்லாத் தெரியும்" என்றேன்.

மறுநாள் மெட்ராஸிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

வியாழக்கிழமை அவர் மெட்ராஸ் போன பிறகு, காலை பத்து மணிக்கு மறுபடி கொட்டகைக்குப் போனேன். எலியேசருக்கு இருந்தது அன்று ஒரு நாள்தான். கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, சொன்னபடியே இன்னொரு கை எண்ணெய் போட்டேன். பிறகு வீட்டு வாசலில் போய் நின்று, ஜெயம்மாவை வந்து பார்க்கச் சொன்னேன். முதலில் மறுத்தாள். கேட்ட குரலைப் பற்றிச் சொன்னதும் வந்தாள்.

"என்னான்னு கூப்புட்டுது?" என்று கேட்டாள்.

"என்னைத்தாம்மா. பாவா, தலுப்பு தீன்னு."

"எங்க ஊட்டுல யாராச்சும் உங்கள பாவான்னு கூப்புட்டுக் கீறோமா சாயபு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் நான் சாயபு. தெலுங்குக்காரர்கள் வெளியாளைப் பாவா என்று சொல்லமாட்டார்கள். அக்காவின் புருஷனைச் சொல்வார்கள். இது எனக்குத் தெரியாத சங்கதியா? சின்ன வயசிலிருந்து காதில் விழுந்த வார்த்தை. என்னைக் கூப்பிடுகிறார்கள் என்ற நினைப்பில் மறந்துபோனது. அவள் கூப்பிட்டது என்னை இல்லை. அவள் கூப்பிட்டவர் நாலு வருஷமாகக் கேட்காதவர். நடுவில் நான் 'ஆங்' என்றிருக்கிறேன்.

ஜெயம்மா குனிந்து அந்தக் கோடுகளில் விரலை வைத்தாள். நாலு. பிறகு மூன்று. இடது பக்கத்தில் ஒரு கோட்டுக்கு இடம் விட்டிருந்த இடத்தில் அவள் மோதிர விரல் நின்றது.

"சின்னதுல அருவாமணையில வெட்டிக்கினா" என்றாள். "அந்த வெரல்ல நகம் மொளைக்கவே இல்ல."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பிறகு என்னைப் பார்த்து, எலியேசர் எத்தனை மணி ரயிலுக்குப் போகிறான் என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, திருத்தணி ஸ்டேஷன். எலியேசர் டிரங்குப் பெட்டியோடு நின்றான். வழியனுப்ப நான் ஒருவன். வேடிக்கை பார்க்கப் பஜாரே வந்திருந்தது. ரயில் வரக் கால்மணி இருக்கும்போது ஜெயம்மா தனியாக நடந்து வந்தாள். நாலு வருஷமாக வாசல் தாண்டாதவள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எலியேசரு, நீ போவாத. என் தங்கச்சி எங்க ஊட்ட உட்டு வெளிய போகவே இல்ல. உம்மேல பழி போட்டுச் சொன்னது பொய்யி. நானும் நம்பினேன். என்னை மன்னிச்சிக்கோ."

ரயில் வந்து நின்றது. போனது. எலியேசர் பெட்டிமேல் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதான். டீக்கடையில் கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் ஒவ்வொருத்தன் முகத்தையும் நன்றாகப் பார்த்தேன். அந்த சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை.

தேசப்பன் மெட்ராஸிலிருந்து திரும்பவே இல்லை. போலீஸ் வந்தது. தோட்டத்தைத் தோண்டினார்கள். கொட்டகைத் தரையைத் தோண்டினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அந்த 1942 ஏப்ரலில் என்ன நடந்தது, எதற்காக நடந்தது, யாருக்கும் தெரியாது. தெரியாததை நான் எழுதமாட்டேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து எலியேசர் கொட்டகைக்கு வந்தான். தான் கிரீஸ் வைத்த கதவு எப்படி மக்கர் பண்ணலாம் என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. இடது கதவின் உள்பக்கத் தோல் அட்டையைக் கழற்றினான். பார்த்தான். வலது கதவையும் கழற்றினான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

உள்பிடியையும் பூட்டையும் இணைக்கும் கம்பி இல்லை. இரண்டு கதவிலும். யாரோ திருகாணியைக் கழற்றி, எடுத்துவிட்டு, அட்டையை மறுபடி மாட்டியிருக்கிறார்கள்.

"உள்ளாரேந்து யானை இடிச்சாலும் இது தொறக்காது" என்றான்.

"எனக்குத் தொறந்துச்சே. புதன்கிழமை."

"தொறக்காது அதா. வெளிலேந்து யாராச்சும் பிடியைத் திருப்பினாத்தான் தொறக்கும்."

கொட்டகைக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

இரண்டு பேரும் சுற்றி வந்து இடது கதவின் வெளிப்பிடியைப் பார்த்தோம். நாலு வருஷத் தூசி படிந்த பித்தளைப் பிடி. அதை நான் துடைக்கவில்லை, என் வேலை தோல் மட்டும்தான். செவ்வாயும் புதனும் காலையில் கதவு திறந்தே கிடந்தது, பிடியைத் தொடவேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை.

அந்தத் தூசிமேல் ஒரு கை பதிந்திருந்தது.

எண்ணெய்க் கை. காலெலும்பு எண்ணெய், வாசனையே சொன்னது. அந்த எண்ணெய் வண்டிக்குள் மட்டும்தான் இருந்தது. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முக்கால்கூட இல்லை அது, பெண்பிள்ளைக் கை.

சின்னக் கை. பிடியைப் பற்றித் திருப்பிய கை.

நாலு வருஷமாகத் தனக்குத் திறக்காத கதவை, 'ஆங்' என்று பதில் சொன்ன எனக்குத் திறந்துவிட்டிருக்கிறாள்.

ஜெயம்மா அந்த வண்டியை யாருக்கும் விற்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை நான் போய்ச் சீட்டுக்கு எண்ணெய் போடுகிறேன், கூலி வாங்குவதில்லை. அந்த வெளிப்பிடியை மட்டும் தொடமாட்டேன். என் தொழிலில் நான் துடைக்காமல் விட்ட ஒரே கறை அதுதான்.